விஸ்வரூபம் மறுபடி பாத்தோம் – கோடவுன் சண்டையை விடுங்க, அந்தத் தூக்குக்கயிறு சீனைப் பாருங்க

போன ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்ல விஸ்வரூபம் ரெண்டு பார்ட்டையும் ஒரே நாள்ல போட்டுப் பாத்தோம். காலைல பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு, நடுவுல சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு தான் முடிச்சோம். முதல் பார்ட்டை நான் தியேட்டர்ல ரெண்டு தடவை, டிவில எத்தனை தடவைன்னு கணக்கில்லாம பாத்திருக்கேன், இருந்தாலும் இந்தத் தடவை வேற ஒரு படம் பாத்த மாதிரி இருந்துச்சு. அதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு, அதான் உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. கதையும் வெளிய வரும், இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

முதல்ல 2013 கதையைச் சொல்லிடுறேன், அது இல்லாம இந்தப் படத்தைப் பத்தி எனக்குப் பேச வராது. ஜனவரி 11-ஆம் தேதி ரிலீஸ்னு சொன்னாங்க, அதுக்கு முந்தின நாளே டிடிஎச்-ல வீட்டுக்கு வரும், ஆயிரம் ரூவா கட்டினா பாக்கலாம்னு கமல் சொன்னார். தியேட்டர்காரங்க ஒத்துக்கல, பெரிய சண்டையாச்சு, ஜனவரி 25-க்குத் தள்ளிப் போச்சு. அதுக்குள்ள முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்பு, உடனே தமிழ்நாட்ல 31 மாவட்டத்துல 144 போட்டு 15 நாளைக்குப் படத்தை நிறுத்திட்டாங்க. ஐகோர்ட்டுல ஒரு ஜட்ஜ் ராத்திரி தடையை நீக்குறார், மறுநாளே டிவிஷன் பெஞ்ச் திரும்பத் தடை போடுது. வீட்டை அடமானம் வச்சு எடுத்த படம், நாட்டை விட்டே போக வேண்டி வரும் போலன்னு அவர் பிரஸ் முன்னாடி சொன்னது இன்னும் கண்ணுல நிக்குது. கடைசியில உக்காந்து பேசி, சில இடத்துல வசனத்தை மியூட் பண்ணி, பிப்ரவரி 7-ஆம் தேதி தான் இங்க வந்துச்சு.

நாங்க அதுவரைக்கும் காத்திருக்கல. கோயம்புத்தூர்க்காரங்களுக்குப் பாலக்காடு என்ன தூரமா, ஒன்னரை மணி நேரம். கேரளாவுல ஓடுதுன்னு தெரிஞ்சதும் அந்த ஞாயித்துக்கிழமையே கிளம்பிட்டோம், நான், அண்ணன், அண்ணனோட ஃப்ரெண்ட் மூணு பேரு. அதுல ஒருத்தரை நாங்க பாய் அண்ணான்னு தான் கூப்பிடுவோம், எங்க ஊர்ல முஸ்லிம்கள் நிறைய இருக்கற கோட்டைமேட்டுக்காரர், அவரோட வேன்ல தான் போனோம், அவரே ஓட்டினார். "ஏனுங்ண்ணா, உங்க ஆளுங்க எதுக்குறாங்களே, நீங்க வரலாமா"ன்னு நான் கேட்டதுக்கு, "பாக்காம எப்படிம்மா எதுக்குறது, பாத்துட்டு எதுக்குறதா இருந்தா எதுக்கலாம்"னார். வாளையார் செக்போஸ்ட்ல முன்னாடியும் பின்னாடியும் தமிழ்நாடு நம்பர் போட்ட வண்டியாவே நின்னுச்சு, பக்கத்து கார்ல இருந்த பசங்க எங்களைப் பாத்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாங்க, எல்லாரும் ஒரே இடத்துக்குத் தான் போறோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

அந்தத் தியேட்டர் பேர் வேணாம். டிக்கெட் கிடைச்சதே பெருசு, ஆனா சவுண்டு கேவலமா இருந்துச்சு. இந்தியாவுலயே ஆரோ 3டி சவுண்டுல வந்த முதல் படம் இது, பெல்ஜியத்துக்காரங்க கண்டுபிடிச்சது, சுத்தி வைக்கிற ஸ்பீக்கர் போக தலைக்கு மேலயும் ஸ்பீக்கர் வச்சு, ஹெலிகாப்டர் வந்தா நிஜமாவே மேல பறக்குற மாதிரி கேக்கணும். அங்க முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் தான் வேலை செஞ்சுதுன்னு நினைக்கிறேன். அதுக்கும் மேல படத்தைத் திரையில சரியா உக்கார வைக்கல, அரபி, பஷ்தோ பேசுற இடத்துல கீழ வர்ற எழுத்து பாதி திரைக்கு வெளிய போயிடுச்சு. ஆஃப்கானிஸ்தான் பகுதி முழுக்க அந்த எழுத்தை நம்பித் தான் ஓடுது. அதனால அன்னைக்கு நாங்க பாத்தது கமல் சண்டை போடுற படம், அவ்ளோ தான்.

இப்ப அண்ணன் வீட்ல பெரிய டிவி, பக்கத்துல நல்ல ஸ்பீக்கர், எழுத்தெல்லாம் பளிச்சுனு தெரியுது. பாய் அண்ணாவும் அவங்க வீட்டுக்காரம்மாவும் பசங்களோட சாப்பிட வந்திருந்தாங்க. "அன்னைக்குப் பாதி புரியாமப் பாத்தோம்ல, மறுபடி போடு மாப்ள"ன்னு அண்ணன் கிட்ட அவர் தான் சொன்னார்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். நியூயார்க்ல விஸ்வநாதன்னு ஒரு கதக் வாத்தியார், நடை பேச்சு எல்லாம் நளினமா இருக்கும். மனைவி நிருபமா, புற்றுநோய்க்குக் கதிரியக்க சிகிச்சை பத்திப் படிச்சவங்க, அமெரிக்கா வந்து படிக்கணும்னு தான் இந்தக் கல்யாணத்துக்கே ஒத்துக்கிட்டவங்க. புருஷன் மேல ஏதாவது குறை கிடைச்சா விலகிடலாம்னு ஒரு துப்பறியும் ஆளை வைக்கிறாங்க, அவன் பின்னாடியே போயி ஒரு தீவிரவாத கும்பல் கிட்ட மாட்டி உசுரை விட்டுடுறான், கும்பல் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போயி ஒரு கோடவுன்ல கட்டிப் போடுது. அங்க தான் தெரியுது இவர் விஸ்வநாதன் இல்ல, விசாம் அகமது காஷ்மீரி, இந்தியாவோட ரா அமைப்புக்காக அல்-கொய்தாவுக்குள்ளயே போயி அவங்க பசங்களுக்கு ஆயுதப் பயிற்சி குடுத்துக்கிட்டே உளவு பாத்தவர். அங்க அவருக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி ஆனவன் உமர். இப்ப நியூயார்க்ல சீசியம்ங்கற கதிரியக்கப் பொருள் கலந்த குண்டு வைக்கத் திட்டம் போடுறதும் அதே உமர் தான்.

அந்தக் கோடவுன் சீனைப் பத்தி எழுதாதவங்களே கிடையாது. கையைக் கட்டிப் போட்டு அடிச்சுக்கிட்டு இருக்காங்க, தொழுகணும்னு கேக்குறார், ஏதோ முணுமுணுக்குறார், கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள எல்லாரும் கீழ கிடக்குறாங்க, என்ன நடந்துச்சுன்னு நமக்குப் புரியறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு, அப்புறம் அதையே மெதுவா ஓட்டிக் காட்டுவாங்க. பாலக்காட்டுல சீட்டு மேல ஏறி நின்னு கத்தினாங்க, நானும் கத்தினேன். இப்பப் பாத்தாலும் அதே புல்லரிப்பு இருக்கு, மறுக்கல. ஆனா இந்தத் தடவை நான் பாத்தது அவர் கையை. சண்டைக்கு முன்னாடி வரைக்கும் அந்தக் கை கதக் வாத்தியாரோட கை, விரல் நுனி வரைக்கும் வளைஞ்சு நிக்கும். கதக் மேதை பிர்ஜு மகராஜ் கிட்டக் கத்துக்கிட்டு ஆடின ஆட்டம் அது, உன்னைக் காணாது நான் பாட்டுக்கு மகராஜுக்குத் தேசிய விருதே குடுத்தாங்க. அதே விரல் தான் அடுத்த நிமிஷம் கழுத்தை முறிக்குது. ஒரே உடம்புக்குள்ள ரெண்டு பேர் குடியிருக்காங்கன்னு அந்த ஒரு நிமிஷத்துல காட்டிடுறார், வசனமே தேவைப்படல.

சரி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். ஆஃப்கானிஸ்தான்.

இடைவேளைக்கு முன்னாடியும் பின்னாடியும் வர்ற அந்தப் பகுதி இழுவையா இருக்குன்னு அப்ப எல்லாரும் சொன்னாங்க, நானும் சொல்லியிருக்கேன். தப்புங்க. படமே அங்க தான் இருக்கு. உமரோட சின்னப் பையன் கண்ணைக் கட்டிக்கிட்டு, கையில குடுக்குற தோட்டாவைத் தடவிப் பாத்தே இது இந்தத் துப்பாக்கியோடதுன்னு சொல்லுவான், அப்பன் முகத்துல அப்படி ஒரு பெருமை, நம்ம வீட்ல குழந்தை வாய்ப்பாடு ஒப்பிச்சா வர்ற அதே பெருமை. இன்னொரு பையன் டாக்டராகணும்னு ஆசைப்படுறான், அப்பன் விடல. அப்புறம் அந்த ஊஞ்சல். தற்கொலைப் படைக்குத் தயார் பண்ற ஒரு பையன், மீசை அரும்புற வயசு, ஊஞ்சல்ல உக்காந்து ஆட்டி விடச் சொல்லுவான், விசாம் ஆட்டி விடுவார். அவ்ளோ தான் சீன். அவன் என்ன ஆகப் போறான்னு ஆட்டி விடுறவருக்குத் தெரியும், அவனைக் காப்பாத்துற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாலும் இவர் வேஷம் கலைஞ்சிடும், அதனால இன்னும் கொஞ்சம் வேகமா ஆட்டி விடுறார். சோத்துத் தட்டோட உக்காந்திருந்த பாய் அண்ணா வீட்டுக்காரம்மா தட்டைக் கீழ வச்சுட்டாங்க.

அடுத்து தூக்கு. கும்பலுக்குள்ள எவனோ காட்டிக் குடுக்குறான்னு உமருக்குத் தெரிஞ்சு போச்சு, சந்தேகம் ஒரு நிரபராதி மேல விழுது. ஊர் நடுவுல, எல்லாரையும் கூட்டி வச்சு, அவனைத் தூக்குல போடுறாங்க. உண்மையில காட்டிக் குடுத்தது விசாம். அந்தக் கூட்டத்துலயே நிக்கிறார். கேமரா கொஞ்ச நேரம் தான் அவர் முகத்துல நிக்குது. அழல, பல்லைக் கடிக்கல, பெரிய நடிகர்னு காட்டிக்கிற எதையும் செய்யல. ஒரு மனுசன் தன் முகத்தைத் தானே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது மட்டும் தெரியுது. பாலக்காட்டுல அந்த நேரத்துல பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தாங்க.

"கயித்தைப் பாக்காத, அவன் மூஞ்சிய மட்டும் பாரு"ன்னு பாய் அண்ணா ரிமோட்டை வாங்கிப் பின்னாடி ஓட்டி இன்னொரு தடவை போட்டார். ரெண்டாவது தடவை பாக்குறப்ப தான் எனக்கு உறைச்சுது, அதுக்கப்புறம் நியூயார்க்ல அந்த ஆள் பண்றது எல்லாமே இந்தக் கயித்துக்குப் பதில் சொல்றது தான். குண்டைத் தேடுறது ரா குடுத்த வேலை, ஆனா உமரைத் தேடுறது வேலை இல்ல. உமர் மட்டும் தான் இந்த உலகத்துல இவர் அங்க என்ன பண்ணினார்னு கூடவே இருந்து பாத்த ஆளு. அவன் கூட உக்காந்து சாப்பிட்டு, அவன் பிள்ளைகளைத் தூக்கி வச்சுக் கொஞ்சி, அவன் ஊரு மேல குண்டு விழக் காரணமா இருந்தவர் இவர். தீவிரவாதி மேல இரக்கம் காட்டச் சொல்லல படம், அவனை அழிக்கணும்ங்கறதுல அதுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அவனை அழிக்கப் போனவன் கையிலயும் ரத்தம் இருக்கு, அந்தக் கையைக் கழுவ எங்க போவான்னு கேக்குது.

இப்படி ஒருத்தன் நிஜத்துல இருக்க முடியுமான்னு அண்ணன் கேட்டான். இருந்திருக்காங்க. அய்மன் டீன்னு ஒருத்தர், பஹ்ரைன்காரர், அல்-கொய்தாவுல சேந்து ஆஃப்கானிஸ்தான்ல வெடிகுண்டு, ரசாயனம் செய்யக் கத்துக்கிட்டவர். 1998 ஆகஸ்ட்ல நைரோபியிலயும் தார் எஸ் சலாம்லயும் அமெரிக்கத் தூதரகங்கள்ல குண்டு வெடிச்சு 224 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலானவங்க அந்த ஊர் சாதாரண ஆப்பிரிக்க மக்கள். அதைப் பாத்து மனசு விட்டுப் போயி அந்த வருஷமே பிரிட்டிஷ் உளவுத்துறை பக்கம் வந்துட்டார், திரும்ப அதே கும்பலுக்குள்ள போயி 2006 வரைக்கும் அங்கேருந்து தகவல் குடுத்துக்கிட்டு இருந்தார். அவர் கதையைப் படிச்சப்ப எனக்கு விசாம் தான் ஞாபகம் வந்தார், ரெண்டு பேரும் வந்த பாதை நேர் எதிர்னாலும். விசாம் முதல்லேருந்தே இந்தப் பக்கம், டீன் அந்தப் பக்கத்துலேருந்து வந்தவர். ஆனா ரெண்டு பேரும் தினமும் கூட உக்காந்து சாப்பிடுறவங்களைத் தான் காட்டிக் குடுக்குறாங்க. கும்பல்ல இருக்கறவங்க எல்லாம் முழு நேர அரக்கனா இருந்தா இந்த வேலை சுலபம். உமர் அப்படி இல்ல, பிள்ளை மேல பாசம் இருக்கற ஆளு, ராகுல் போஸ் அந்தத் தொண்டை கிழிஞ்ச குரல்லயே அதைக் கொண்டு வந்துடுறார். கூட இருக்கற சலீம் வேஷத்துல ஜெய்தீப் அலாவத், அவரை அப்ப யாருக்கும் தெரியாது, இன்னைக்கு எவ்ளோ பெரிய ஆளு. இப்பப் பாக்குறப்ப சும்மா நிக்கிற இடத்துல கூட மனுசன் என்னவோ பண்ணிக்கிட்டு இருக்கார்.

சீசியம் விஷயம் கூட கற்பனை இல்ல. கதிரியக்க சிகிச்சை மெஷின்ல இருக்கற சீசியத்தைச் சுரண்டி எடுத்து குண்டு செய்யறாங்கன்னு படத்துல வருது. 1987-ல பிரேசில் நாட்டுல கொயானியாங்கற ஊர்ல, கைவிடப்பட்ட ஆஸ்பத்திரியில கிடந்த அப்படி ஒரு மெஷினைப் பழைய இரும்புக்குன்னு உடைச்சுட்டாங்க. உள்ள இருந்த பொடி இருட்டுல நீலமா மின்னுதுன்னு வீட்டுக்கெல்லாம் எடுத்துட்டுப் போயி பிள்ளைங்க மேல பூசி விளையாட விட்டுருக்காங்க. நாலு பேர் செத்தாங்க, ஒரு லட்சம் பேருக்கு மேல சோதிச்சுப் பாக்க வேண்டியதாச்சு. நம்ம டெல்லி மாயாபுரியிலயே 2010-ல பழைய இரும்புக் கடையில கதிரியக்கக் கோபால்ட் வந்து ஒருத்தர் உசுர் போச்சு. புறாக் கால்ல சீசியத்தைக் கட்டிப் பறக்க விட்டு நியூயார்க் போலீஸ் கருவியையெல்லாம் குழப்புற ஐடியா அப்ப எனக்கு விளையாட்டா தெரிஞ்சுது, இப்ப அப்படித் தெரியல.

மைக்ரோவேவ் ஓவன் விஷயம் மட்டும் எனக்கு ஒட்டல. கடைசியில குண்டுக்குப் போன் சிக்னல் போகாம ஓவனை வச்சு நிருபமா தடுப்பாங்க, அலையை உள்ள விடாத உலோகப் பெட்டி, ஃபாரடே கூண்டுன்னு சொல்லுவாங்க. நாங்க படம் முடிஞ்சதும் அண்ணி சமையல்கட்டுல ஓவன் பிளக்கைப் பிடுங்கிட்டு, உள்ள என் போனை வச்சு மூடிட்டு, அண்ணன் போன்லேருந்து கூப்பிட்டுப் பாத்தோம். நல்லா ரிங் போச்சு. ஓவன் அடைக்கிறது அதோட சொந்த அலையை, அதுவும் சமையல்காரங்களுக்கு ஆபத்து இல்லாத அளவுக்குத் தான், போன் டவர் சிக்னல் துளியூண்டு உள்ள போனாலும் போனுக்குப் போதும். பாய் அண்ணாவோட பையன் பத்து தடவை கூப்பிட்டுப் பாத்தான், பத்து தடவையும் அடிச்சுது. (யாராவது செஞ்சு பாத்தா பிளக்கைக் கட்டாயம் பிடுங்கிடுங்க.) ஆனா புருஷனைப் பிடிக்காமப் போன ஒருத்தி, தன் படிப்பை வச்சு ஊரையே காப்பாத்துறான்னு வச்சது பிடிச்சிருந்துச்சு. நிருபமாவா வர்ற பூஜா குமாரோட பாத்திரத்தைப் படம் பல இடத்துல கேலிக்குத் தான் பயன்படுத்துது, அது உறுத்தல் தான், கடைசியில மட்டும் மரியாதை குடுக்குது.

இப்ப உறுத்தற பெரிய விஷயம். உமருக்குத் தமிழ் எப்படித் தெரியும்ங்கறதுக்குப் படத்துல ஒரு காரணம் சொல்லுவாங்க, கோயம்புத்தூர், மதுரையில கொஞ்ச காலம் இருந்தான்னு. ஒரு வரி தான். தியேட்டர்ல கோயம்புத்தூர்னு கேட்டதும் எங்க ஊர்ப் பசங்க விசில் அடிச்சாங்க, ஊர் பேர் வந்தா அடிக்கிறது தானே. எனக்கு அடிக்க வரல. 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை சாயங்காலம், நான் மூணாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். ஆர்.எஸ்.புரம் பக்கம் சத்தம் கேட்டுச்சு, அப்பா இன்னும் வீட்டுக்கு வரல, அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. ஊர்ல வரிசையா குண்டு வெடிச்சு 58 பேர் செத்தாங்க அன்னைக்கு. அதுக்கு மூணு மாசம் முன்னாடி, நவம்பர்ல ஒரு போலீஸ்காரரைக் கொன்னதுலேருந்து கலவரம் வெடிச்சு 18 முஸ்லிம்களும் செத்துருந்தாங்க, அதை எங்க தெருவுல யாரும் அவ்ளோவா பேச மாட்டாங்க. குண்டு வெடிச்சதுக்கப்புறம் கோட்டைமேட்டுக்குப் போற வழியெல்லாம் செக்போஸ்ட். பாய் அண்ணா ஸ்கூல் முடிஞ்சு சொந்த வீட்டுக்குப் போறதுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிட்டுப் போயிருக்கார், ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்குல.

பாலக்காட்டுலேருந்து திரும்பி வர்றப்ப கஞ்சிக்கோடு தாண்டுற வரைக்கும் அவர் ஒன்னுமே பேசல. வாளையார்ல வண்டி நின்னப்ப தான், "அவனுக்குத் தமிழ் தெரியணும்னா அத்தனை ஊர்ல நம்ம ஊரு தான் கிடைச்சுதா"ன்னு கேட்டார். அண்ணன் ஏதோ சமாதானம் சொன்னான். இந்தத் தடவை அந்த இடம் வந்தப்ப நான் அவரைப் பாத்தேன், அவர் பையனைப் பாத்துக்கிட்டு இருந்தார். பையனுக்குப் பன்னெண்டு வயசு, "அப்பா நம்ம ஊரு"ன்னு சந்தோஷமா திரும்பிச் சொன்னான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இதை நான் கமல் ரசிகையா இருந்துக்கிட்டே சொல்றேன். அந்தத் தடை தப்பு, அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன், சென்சார் பண்ணின படத்தைக் கலெக்டர் நிறுத்தக் கூடாது. ஆனா வலிச்சுதுன்னு சொன்னவங்களுக்கு வலிக்க ஒன்னுமே இல்லன்னு நாம சொன்னோம் பாருங்க, அதுவும் தப்பு. தொழுகுற ஒருத்தரை ஹீரோவா வச்சிருக்காரே, இது போதாதான்னு நானே வாதாடியிருக்கேன். பாய் அண்ணா கிட்ட இந்தத் தடவை கேட்டேன். "ஹீரோ தொழுகுறார், சந்தோஷம். ஆனா அந்தக் குண்டு வைக்கிறவனும் தொழுகுறான். இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, தொழுதுட்டு கடையைத் திறந்து வியாபாரம் பாத்துட்டுத் தூங்கப் போறவன் ஒருத்தனைக் கூடக் காட்டலியேம்மா, நாங்க எல்லாம் அவன் தானே"ன்னார். இதுக்கு என் கிட்டப் பதில் இல்ல. நியூயார்க் மாதிரி ஊர்ல அப்படி ஒரு டாக்ஸி டிரைவரை, ஒரு கடைக்காரரைக் காட்ட ரெண்டு நிமிஷம் போதும். நிரபராதியைத் தூக்குல போடுற வலியை இவ்ளோ நல்லா தெரிஞ்ச படம், இங்க அந்த நிரபராதியை மறந்துடுச்சு.

ரெண்டாம் பார்ட், 2018 ஆகஸ்ட்ல வந்தது, அதைப் பத்தி நிறைய எழுத ஒன்னும் இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு வந்து, முதல் பார்ட்டுல மிச்சம் இருந்ததையும் புதுசா எடுத்ததையும் தச்ச மாதிரி இருக்கு, தையல் வெளிய தெரியுது. லண்டன் பக்கம் தேம்ஸ் ஆறு கடல்ல சேர்ற இடத்துல உலகப்போர் காலத்துக் கப்பல் ஒன்னு குண்டுகளோட மூழ்கிக் கிடக்கு, அதை வச்சு ஒரு சதி. அந்தக் கப்பல் நிஜம், 1944-ல மூழ்கினது, இன்னும் ஆயிரத்து நானூறு டன் கிட்ட வெடிமருந்து உள்ளயே இருக்கு. அருமையான விஷயம், ஆனா படத்துல அதுக்கான பதட்டமே வரல. டாக்டராகணும்னு ஆசைப்பட்ட அந்தப் பையன் கதைக்கு இங்க ஒரு முடிவு வருது, அதை மட்டும் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க.

ஆனா அம்மா சீன் இருக்கு. வஹீதா ரஹ்மான். விசாமோட அம்மா, மறதி நோய், பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியல. இத்தனை வருஷம் பேரை மாத்தி, ஊரை மாத்தி, நடையை மாத்தி, யார் கண்ணுலயும் படாம வாழ்ந்தவர், கடைசியில தன்னை யாருன்னு சொல்ல வேண்டிய ஒரே ஆள் முன்னாடி வந்து நிக்கிறார், அந்தம்மாவுக்கு யாரோ ஒருத்தர். எங்க அம்மிச்சிக்குக் கடைசி ரெண்டு வருஷம் இப்படித் தான் இருந்துச்சு, எங்கம்மாவைப் பாத்து "நீ யார் வூட்டுப் புள்ள கண்ணு"ன்னு கேப்பாங்க. எங்கம்மா தினமும் புதுசா சொல்லுவாங்க. அதனால எனக்கு அந்த சீன்ல கமலைப் பாக்க முடியல, வஹீதா ரஹ்மானோட கண்ணையே தான் பாத்துக்கிட்டு இருந்தேன், எவ்ளோ அன்பா, எவ்ளோ தூரமா பாக்குறாங்க. ஜிப்ரான் இசையில கௌஷிகி சக்ரவர்த்தியும் கமலும் பாடின அந்த அம்மா பாட்டு, நானாகிய நதிமூலமே, படத்தை விட்டுத் தனியா கேட்டாலும் தொண்டையை அடைக்கும்.

எப்படிப் பாக்கலாம்னு கேட்டா, முதல் பார்ட்டை முழுசா, எழுத்து தெரியற டிவியில, சவுண்டைக் கொஞ்சம் கூட்டி வச்சுப் பாருங்க. சானு வர்கீஸ் கேமராவும் அந்த ஆஃப்கான் செட்டும் போன்ல பாத்தா பாவம், அந்த ஆர்ட் டைரக்ஷனுக்கும் தேசிய விருது குடுத்திருக்காங்க. பெரும்பாலும் செட்டுன்னு சொன்னா என் அண்ணி நம்பவே இல்ல, மண்ணு வாசம் கூட வருதுன்னாங்க. வீட்ல சின்னப் பசங்க இருந்தா ஆஃப்கான் பகுதியில கூட உக்காந்துக்கோங்க, கழுத்தறுக்குற மாதிரி சில இடம் இருக்கு. ரெண்டாம் பார்ட்டுல அம்மா வர்ற இடத்தையும் கடைசி அரை மணி நேரத்தையும் மட்டும் பாத்தாப் போதும்.

படம் முடிஞ்சு எல்லாரும் கிளம்புற நேரத்துல பாய் அண்ணா பையன் செருப்பு மாட்டிக்கிட்டே அவங்கப்பாவைக் கேட்டான், "அந்த ஊஞ்சல்ல ஆடின அண்ணன் அப்புறம் எங்கப்பா போனான்?" அவர் பதில் சொல்லல, குனிஞ்சு செருப்பு வாரை மாட்டி விட்டார்.